மேப்பிளுக்குப் பதில் சொன்ன குரல்

இட்சுயோவுக்கு எதையும் கெஞ்சிக் கேட்டுப் பழக்கமில்லை. மிரட்டித்தான் பழக்கம். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டவள். தட்டில் கேரட்டை ஒதுக்கி வைத்த பிள்ளை அவள் கண்ணில் பட்டால் தொலைந்தது. அவள் எதிரே நின்று முறைத்தாலே கேரட் தானாக உள்ளே போய்விடும். எங்கள் இனா பள்ளத்தாக்கில் இன்று நாற்பது வயதாகும் ஆம்பிளைகள் பலர், கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் இன்னமும் கூடையில் காய்கறி இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறார்கள். பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன்.

அவள் கணவர் மொரிஹிகோ நேர் எதிர். மலைப் பேருந்து ஓட்டியவர். வாய் ஓயாது. யார் வீட்டு மாடு கன்று போட்டது, யாருக்கு மூலம், எந்த வளைவில் மான் குறுக்கே வந்தது என்று ஓட்டிக்கொண்டே பேசுவார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் கதை கேட்டபடி உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். "உங்க தொண்டைக்கு லீவே கிடையாதா?" என்று இட்சுயோ எரிந்து விழுவாள். ஆனால் அவர் பேசாத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

கல்யாணம் ஆன வருஷம், பேருந்தின் கடைசி நிறுத்தமான மலைக்கோயில் வாசலில், சாக்கடையில் முளைத்திருந்த, குளிர் வரும்போது இலை சிவக்கும் மேப்பிள் மரக் கன்று ஒன்றை அவர் பிடுங்கிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். விரல் நீளம்தான் இருந்தது. மூன்று வருஷம் தொட்டியில் வளர்த்து, பிறகு முன்கட்டுக் கண்ணாடிக் கதவுக்கு நேரே தோட்டத்தில் இறக்கினார். அந்த மரத்துக்கு அவர் செய்த உபசாரம் மாமியாருக்குக்கூட நடந்திருக்காது. வெயில் தாழ்ந்த பிறகுதான் தண்ணீர். கோடையில் வேர்மேல் வைக்கோல் மூடாக்கு. மேற்கு வெயில் சுடாமல் நாணல் தட்டி. கிளை கழிப்பதெல்லாம் இலை கொட்டி முடிந்ததும் டிசம்பருக்குள். புது வருஷம் பிறந்தால் உள்ளே சாறு ஏறிவிடும், கத்தி பட்டால் நிற்காது என்பார். நவம்பரில் மரம் சிவந்ததும் தேநீரும் கையுமாக அதன் கீழே உட்கார்ந்து, வேலியைத் தாண்டிப் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் அவரைப் பக்கவாதம் அடித்தது. வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போயிற்று. சக்கர நாற்காலிக்காகத் தோட்டத்தில் பாதிக்குச் சிமென்ட் போட்டார்கள். அன்று முதல் அவர் காலையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை மேப்பிளையே பார்த்துக்கொண்டிருப்பார். மரமும் அந்த வருஷத்திலிருந்து சிவப்பதை விட்டுவிட்டது. ஆகஸ்டிலேயே இலை நுனி கருகும். பிறகு பழுப்பாகச் சுருண்டு, விழவும் செய்யாமல் டிசம்பர் வரை தொங்கும்.

"சிமென்ட் சூடு, வேரு காயுது. தண்ணியும் ஊத்தறதில்ல நீ. அப்புறம் எங்க சிவக்கும்?" என்றான் ஜின்பெய். தோட்டக்காரன். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், அதனால் அவளுக்குப் பயப்படாத ஒரே ஆள்.

"முப்பது வருஷமா குடிச்ச தண்ணி போதாதாமா? கொழுப்பு அதுக்கு. அவரு பேசலேன்னு அதுவும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு."

மரம் மறுபடி சிவந்தால் அவர் வாய் திறப்பார் என்று அவளுக்குள் ஒரு நினைப்பு விழுந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அறுபத்து நாலு வயதில் அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவர் குரலை இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

ஜனவரி பதினைந்தாம் தேதி எங்கள் பக்கத்தில் பழமரங்களை மிரட்டுவது வழக்கம். வீட்டில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் கொடுவாளால் மரத்தில் லேசாக ஒரு கொத்து கொத்தி, "காய்ப்பியா மாட்டியா? மாட்டேன்னா வெட்டிப்புடுவேன்!" என்று அதட்ட வேண்டும். மற்றவர் மரத்துக்காகக் கும்பிட்டு, "காய்க்கிறேன், காய்க்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு கொத்தின இடத்தில் சிவப்புப் பயற்றங்கஞ்சியைப் பூசிவிட்டு வரலாம். அவர்கள் வீட்டுப் பெர்சிமன் மரத்தை வருஷா வருஷம் இட்சுயோதான் அதட்டுவாள், மொரிஹிகோதான் கும்பிடுவார். அதட்டுவதற்கு அவளை விட்டால் யார்?

அந்த ஜனவரியில் அவள் பெர்சிமன் பக்கமே போகவில்லை. நேரே மேப்பிளிடம் போனாள். காலை பத்து மணி, தரையெல்லாம் பனி, நல்ல வெயில். அவர் பார்க்கட்டும் என்று கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்தாள். முழங்கால் உயரத்தில் ஓங்கி ஒரு கொத்து விட்டாள். வேண்டியதைவிட ஆழமாகவே இறங்கியது. மூன்று வருஷக் கோபம், கை தாங்கவில்லை.

"சிவப்பியா மாட்டியா? மாட்டேன்னா அடியோட வெட்டி அடுப்புல வச்சிருவேன், தெரியுமா!"

பதில் சொல்ல ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு மூச்சு விடும் நேரம் ஒன்றுமே அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சாலையில் வந்துகொண்டிருந்த வண்டியின் சத்தம்கூட நடுவழியில் நின்றுபோனது மாதிரி இருந்தது.

"சிவக்கிறேன். சிவக்கிறேன்."

குரல் மிகக் கிட்டத்தில் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் திரும்பினாள். கதவு இடுக்கில் மொரிஹிகோவின் முகம் வெளுத்து, வாய் திறந்திருந்தது. கொடுவாளைப் பனியில் போட்டுவிட்டு ஓடினாள்.

"பேசினீங்களா! ஏங்க, நீங்கதானே? இன்னொரு தரம் சொல்லுங்க!"

அவர் அவளைப் பார்த்தபடி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். கண்ணில் பயம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் அவளுக்கு அது போதும். அன்று மத்தியானம் பயற்றங்கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு அழுதாள்.

வாரத்தில் இரண்டு நாள் வரும் நர்ஸ் ஹன்யூ, அந்த மாசக் கடைசியில் இட்சுயோவின் காலுறை நனைந்திருப்பதைப் பார்த்தாள். கழற்றச் சொன்னால் முழங்காலை ஒட்டிக் கீழே குறுக்காக ஒரு கோடு. அதிலிருந்து தெளிந்த தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது என்ன? ரத்தமும் இல்ல, சீழும் இல்ல. வலிக்குதா?"

"வலியுமில்ல ஒண்ணுமில்ல. எங்கயாவது இடிச்சிருப்பேன். நீ அவரு காலப் பாரும்மா, என் கால விடு."

மேப்பிளில் கொத்தின இடமும் வெயில் ஏறினால் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஜின்பெய் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஜனவரியில போய் மேப்பிள்ல கத்தி வைப்பாங்களா? உன் வீட்டுக்காரர் எத்தன தரம் சொல்லியிருப்பாரு!" வெட்டில் பசை மருந்தைக் கெட்டியாக அப்பிவிட்டுப் போனான். அந்த வாரம் அவள் காலும் காய்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அவருக்குக் கஞ்சி ஊட்டவும் துடைக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவுமே நாள் சரியாக இருந்தது.

அந்த வசந்தத்தில் மரம் கிளம்பின வேகம் சொல்லி மாளாது. இட்சுயோ இந்த முறை எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். வைக்கோல் பரப்பினாள், தட்டி கட்டினாள், பொழுது சாய்ந்ததும் சிமென்டின் மேலும் சேர்த்துத் தண்ணீர் விட்டாள். தண்டு துளைக்கும் புழு வந்திருக்கிறதா என்று தினமும் அடிமரத்தில் மரத்தூளைத் தேடினாள். ஆகஸ்டிலும் ஓர் இலை கருகவில்லை. சமையலறையில் நின்று நின்று தேய்ந்த அவள் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. அவள் மாடிப்படியில் ஓடுவதைப் பார்த்து ஹன்யூ வாய் பிளந்தாள். மொரிஹிகோவும் இடது கையில் கரண்டி பிடிக்கத் தொடங்கியிருந்தார். வலது கையில் இரண்டு விரல் அசைந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. நவம்பரில் வரும் என்று இவள் காத்திருந்தாள்.

செப்டம்பரில் வேலி கத்தரிக்க வந்த ஜின்பெய்யிடம், பெருமை தாங்காமல் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மேப்பிளையா மிரட்டினே? ஊருல எவளாவது செய்வாளா! பெர்சிமன்கிட்ட பழம் கேக்கலாம், பழம்னா உயிரு. இதுகிட்ட என்ன கேட்டே? இலை சிவக்கிறது என்ன, பூ பூக்கிறதா? சாகுறது, இட்சுயோ. சாகுறப்பத்தான் அது சிவக்குது. செத்துப் போறியா மாட்டியான்னு கழுத்துல கத்தி வச்சுக் கேட்டிருக்கே."

"போடா. வாயக் கழுவு."

"சரி, மரத்துக்குப் பதில் சொன்னது யாரு? சொன்னவங்க தலையிலதானே விடியும்."

"அவருதான். மூணு வருஷத்துல அந்த ஒரு வார்த்தைதான் பேசினாரு."

ஜின்பெய் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "அட, சும்மா தமாசுக்குச் சொன்னேன், விடு" என்றான். ஆனால் ஊற்றி வைத்த தேநீரைத் தொடாமல், வேலியில் பாதி அப்படியே கிடக்க, கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து இட்சுயோவுக்கு ஒரே நினைப்பு, மரம் சிவந்தால் பதில் சொன்னவர் போய்விடுவார். சிவக்கக் கூடாது. எப்படியாவது பச்சையாகவே இருக்க வேண்டும். உரம் அதிகமானால் இலை சீக்கிரம் சிவக்காது என்று மொரிஹிகோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, கடுகுப் புண்ணாக்கை மூட்டையாக வாங்கி வேரில் கொட்டினாள். வெளிச்சம் இருந்தால் பச்சை நிற்கும் என்று மரத்துக்கு நேராகப் பெரிய விளக்கு ஒன்றைக் கட்டி இராப்பகலாக எரிய விட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்குக் கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டினார்கள்.

செப்டம்பர் இருபத்தெட்டில், உச்சிக் கிளையில் ஓர் இலை சிவந்திருந்தது. ஏணி போட்டு ஏறிக் கிள்ளி எறிந்தாள். மறுநாள் ஏழு சிவந்திருந்தன. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை. இலையே இல்லாவிட்டால் எதைச் சிவக்க வைக்கும்? மூன்று நாள், ஏணியில் நின்று, பச்சை இலைகளை ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளினாள். பதினொரு சாக்கு நிறைந்தது. கதவுக்குப் பின்னால் மொரிஹிகோ "ஆ, ஆ" என்று இடது கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கத்தாதீங்க! உங்களுக்காகத்தான் செய்றேன்!"

நாலாம் நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் ஒரு சொட்டுச் சத்தும் இல்லை. தலை வாரினால் சீப்போடு முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஹன்யூ கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். மூணு நாள் ஏணியில நின்னா நீயுந்தான் படுப்பே. அவரு எப்படி இருக்காரு, அதச் சொல்லு."

"அவருக்கென்ன, ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாரு."

மொட்டைமரத்தை ஜன்னலில் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள் இட்சுயோ. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

பத்தே நாளில் மரம் மறுபடி துளிர்த்தது. மே மாதத்தில் வர வேண்டிய துளிர் அக்டோபரில் வந்தது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாக, பிறந்த குழந்தையின் கை அளவில், ரத்தச் சிவப்பாக விரிந்தது. பச்சை என்பது பேருக்குக்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த மரம் அப்படிச் சிவந்ததே இல்லை.

அவள் வாசலில் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது, முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"இட்சுயோ, கொஞ்சம் தேத்தண்ணி கொடேன். மூணு வருஷமா ஆறிப்போனதையே குடுக்குறே."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மொரிஹிகோ பேசினார். கொஞ்சம் குழறியது, ஆனால் அவர் குரல். அன்று முழுக்கப் பேசினார், மறுநாளும் பேசினார். மூன்று வருஷமாக உள்ளேயே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. ஹன்யூவின் கல்யாணம் ஏன் தட்டிப்போனது என்பதிலிருந்து, இட்சுயோ அவரைத் துடைத்துவிடும்போது முணுமுணுத்த வசவுகள் வரை ஒன்றும் விடவில்லை. அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், ஆனால் கண் என்னவோ மரத்தின்மேலேயே இருந்தது. வேலியோரம் வந்த ஜின்பெய்யைப் பிடித்து, இது எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டாள்.

"இளந்துளிரு. முதல் உறைபனி விழுற வரைக்கும்தான். விழுந்தா ஒரே காலையில மொத்தமும் கொட்டிடும்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் அவள் மனசு கேட்காமல் அவரிடமே கேட்டுவிட்டாள். "ஏங்க, அன்னிக்கு எதுக்கு அப்படிப் பதில் சொன்னீங்க? யாரு சொல்லச் சொன்னா உங்கள?"

"எது?"

"ஜனவரியில. நான் மரத்த மிரட்டினப்போ. சிவக்கிறேன்னு."

மொரிஹிகோ கரண்டியைக் கீழே வைத்தார். "நானா? எனக்கு ஏது அப்போ வாயி? நீதானே சொன்னே."

"நானா!"

"மிரட்டினே. அப்புறம் கொடுவாள இறக்கிட்டு, அந்தப் பக்கமாச் சுத்திப் போயி, மரத்துல முதுக ஒட்டி நின்னு என்னப் பாத்துக் கும்பிட்டே. நீயே பதில் சொன்னே. குரலு உன் குரலுதான். ஆனா மூஞ்சி உன் மூஞ்சியா இல்ல, இட்சுயோ. அதான் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. அப்புறம் திரும்ப வந்து, கொடுவாள எடுத்து, அதையும் போட்டுட்டு ஓடிவந்து, நீங்கதானேன்னு என்னக் கேக்குறே."

அவளுக்கு அப்படி நடந்த ஞாபகமே இல்லை. நாலு மூச்சு நேரம் ஒன்றும் அசையாமல் நின்றது மட்டும்தான் தெரியும். கையைத் தூக்கிப் பார்த்தாள், இத்தனை மாசத்தில் தன் உடம்பை இப்போதுதான் பார்க்கிறாள். மரத்தில் கொத்தின உயரத்திலேயே காலில் அந்தக் கோடு, இலையைக் கிள்ளி முடித்ததும் கொட்டின முடி. அப்படியானால் போகப்போவது அவர் இல்லை.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவ்வளவு சந்தோஷம். அவருக்கு ஒன்றுமில்லை, குரலும் வந்துவிட்டது, கேட்டதெல்லாம் கிடைத்தாயிற்று. சிரித்துக்கொண்டே பாத்திரங்களை அடுக்கினவள், அடுக்கி முடிப்பதற்குள் பாதியில் நின்றாள். இந்த மனுஷனுக்கு அரிசி களையத் தெரியாதே. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தெரியாதே. இவருக்கு யார் சோறு போடுவார்கள்?

மறுநாள் காலையிலிருந்து அவள் அவரை வறுத்தெடுத்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சமையலறையில் நிறுத்தி, இடது கையால் அரிசி களையச் சொன்னாள். கொட்டினால் திட்டினாள், மறுபடி களையச் சொன்னாள். டோஃபுக் கட்டியை ஒற்றைக் கையால் நறுக்க, பலகையில் ஆணி அடித்துக் கொடுத்தாள். மாத்திரை டப்பாவில் வேளை எழுதி ஒட்டினாள். மேல் அலமாரிச் சாமானையெல்லாம் கீழே இறக்கினாள். ஹன்யூவிடம் இனிமேல் வாரம் நாலு நாள் வரச் சொன்னாள். ஜின்பெய்யிடம், தினமும் காலையில் அந்தப் பக்கமாகப் போகும்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போ என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை, சரி என்றான்.

"இப்ப என்ன தலைபோற அவசரம்? நீ இருக்கே, நான் ஏன் சமைக்கணும்?" என்று மொரிஹிகோ அலுத்துக்கொண்டார்.

"முப்பத்தெட்டு வருஷம் உக்காந்து தின்னீங்கல்ல? இனிமே ஆக்கிப் பாருங்க, தெரியும்."

அவர் நம்பினார். அவள் எப்போதுமே அப்படித்தானே.

நவம்பர் நாலாம் தேதி விடிகாலையில் உறைபனி என்று வானொலி சொன்னது. அன்று காலை இட்சுயோ எழுந்திருக்கவில்லை, படுக்கையிலிருந்தே அதட்டினாள். "இன்னிக்கு நீங்களே சோறும் சூப்பும் வைங்க. நான் வரமாட்டேன்." சமையலறையில் முக்கால் மணி நேரம் பாத்திரம் உருண்டது, மூடி விழுந்தது, அவர் தமக்குத்தாமே ஒரு பேருந்துக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாற்காலியை உருட்டி வந்தார். மிசோ விழுதில் வைத்த சூப்பில் பாதி தட்டிலேயே சிந்தியிருந்தது. தம் சாதனையைப் பார் என்று முகமெல்லாம் சிரிப்பு.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயில் அப்போதுதான் மரத்தைத் தொட்டது. காற்றே இல்லை. உச்சிக் கிளையிலிருந்து சிவப்பு இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க ஆரம்பித்தன. அவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

சூப்பை வாயில் வைத்தாள். வாயில் வைக்க விளங்காத உப்பு. நானூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்ட காலத்தில் இப்படி ஒரு சூப்பை எவளாவது வைத்திருந்தால் அண்டாவோடு கொட்டச் சொல்லியிருப்பாள்.

"எப்படி? உப்பு சரியா இருக்கா?" என்றார் மொரிஹிகோ.

"சரியா இருக்குங்க" என்றாள் இட்சுயோ. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள்.